கேட்காத கதவு!

"ஐயோ...!"

ரிசப்ஷன் பெண்ணின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

அந்த ஆபீசில் ஒருத்தர் கத்தி இன்னொருத்தர் திரும்பிப் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. எல்லோர் காதிலும் ஹெட்போன். இன்று திரும்பினார்கள்.

சர்வர் ரூம். எலும்பைத் துளைக்கும் ஏ.சி. குளிர். வரிசையாகக் கண் சிமிட்டும் பச்சை விளக்குகள்.

தரையில் ஓர் ஆள்... கழுத்தைச் சுற்றி நீல நிற நெட்வொர்க் கேபிள்!

செத்துக் கிடந்தவர் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அட்மின். ஆபீஸ் அவருக்கு வைத்த பேர் 'பூட்டு'.

காரணம் இருக்கிறது. அந்தக் கம்பெனி, லிஃப்டை இயக்கும் ப்ரோகிராம் எழுதுகிறது. எழுதுவதெல்லாம் ஒரே சர்வரில் சேரும். எவன் எந்த வரியை எப்போது மாற்றினான் என்பதும் அதிலேயே பத்திரமாக இருக்கும். அந்த சர்வருக்குத்தான் அவர் காவல். வீட்டிலிருந்து யாராவது உள்ளே வர நினைத்தால், அவர்களுடைய கம்ப்யூட்டரில் அவர் போட்டுக்கொடுத்த ரகசியச் சாவி இருக்க வேண்டும். அது போதாதென்று, அவர்கள் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதையும் தட்ட வேண்டும்.

ஒரு கதவு, இரண்டு கேள்வி!

"இந்த ஆளு செத்துத் தொலைஞ்சாத்தான் நிம்மதி" என்று சொல்லாதவர்கள் அந்த ஆபீசில் இல்லை. இப்போது செத்துத் தொலைந்துவிட்டார். ஒருத்தர் முகத்திலும் நிம்மதியைக் காணோம்.

போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. குரலில் எப்போதும் ஒரு கிண்டல். பொணத்துக்கு முன்னால் மட்டும் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

"டாக்டர், எப்போ செத்தாருன்னு சொல்ல முடியுமா?"

"இந்தக் குளிர்ல கிடந்த பாடிம்மா. மதியத்துலேர்ந்து சாயங்காலத்துக்குள்ள. அதுக்கு மேல கேட்டா நான் ஜோசியம்தான் சொல்லணும்."

"நல்ல வேளை, இன்னிக்குள்ளன்னாவது சொன்னீங்களே!"

அப்போது வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார் மேனேஜர். மதியம் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போனவர். விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறார். தோளில் லேப்டாப் பை. கையில் கர்சீப். கண்ணில் தேவைக்கு மேல் கண்ணீர்.

"என் வலது கை போச்சு மேடம்!"

"இடது கையால கண்ணைத் தொடச்சிக்கிட்டு உக்காருங்க சார். கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"கிளம்பறப்போ பார்த்தேன். நல்லாத்தான் இருந்தாரு. அதை விடுங்க... மூணு மணிக்குக்கூட வேலை பார்த்திருக்காரு மேடம்! இருங்க, காட்டறேன்."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். திறந்து முகத்துக்கு நேரே பிடித்தார். திரை மலர்ந்தது.

"என் மூஞ்சியைப் பார்த்தாத்தான் திறக்கும். என் சம்சாரம்கூடத் தொட முடியாது. அவ்வளவு செக்யூரிட்டி!" என்றார் பெருமையாக. பொணம் இன்னும் அதே தரையில்தான் கிடந்தது.

திரையில் ஒரு வரி. மதியம் மூன்று மணி. மாற்றியவர்... பூட்டு!

"ஆக, மூணு மணிக்கு உயிரோட இருந்திருக்காரு" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கப்புறம் ஆபீஸ்ல யாரு?"

ரிசப்ஷன் பெண் முன்னால் வந்தாள்.

"லஞ்ச் முடிஞ்சதும் எல்லாரும் டிரெய்னிங் போயிட்டாங்க மேடம். இந்த மாடியில... தாடி மட்டும்தான் இருந்தாரு."

தாடி. ப்ரோகிராம் எழுதுபவன். முகத்தில் பாதி அதுதான். அதைவிட முக்கியம், செத்தவரின் மச்சினன். அக்கா புருஷனுக்குக் கீழேயே வேலை.

"மேடம்..." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். எல்லோருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார். "சொல்லக் கூடாதுதான். காலையில ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. 'உன் கழுத்தை நெரிச்சாத்தான் அடங்குவே'ன்னு தம்பி கத்தினாரு."

இன்ஸ்பெக்டர் தாடியைப் பார்த்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன். என் சாவியைக் காப்பி பண்ணி வெச்சிருந்த பென் டிரைவைத் தொலைச்சிட்டேன். ஒரு வார்த்தை கேட்காம மாமா என் அனுமதியைப் பிடுங்கிட்டாரு. கோவத்துல சொன்னேன் மேடம்!"

"கழுத்தை நெரிப்பேன்னு நீ சொல்றே, அவரு கழுத்து நெரிஞ்சே கிடக்கறாரு. எனக்கு இவ்வளவு சுலபமா ஒரு கேஸ் இதுவரைக்கும் வந்ததே இல்லப்பா. லஞ்ச்ல எங்க இருந்தே?"

"கேன்டீன்ல. என்னோட டேபிள்ல நாலு பேர் இருந்தாங்க."

"லஞ்ச்ல கொன்னிருந்தா தப்பிச்சிருப்பே. மூணு மணிக்கு அவரு உயிரோட இருந்தாரே... வா, ஜீப்ல பேசலாம்!"

"டேய்!"

வாசலில் ஒரு குரல் உடைந்தது.

அக்கா. பாங்கிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் பாங்க் அடையாள அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் புருஷன். கான்ஸ்டபிள் பிடியில் தம்பி. யாரிடம் போவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றாள்.

"நீயாடா...?"

"அக்கா, சத்தியமா இல்லைக்கா! நீயே சந்தேகப்பட்டா நான் எங்க போவேன்?"

அவளுக்குக் காலையில் ஒரு குடும்பம் இருந்தது. அதில் பாதி தரையில் கிடந்தது. மீதி ஜீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் மட்டும் பரிவோடு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

தாடி கான்ஸ்டபிளை உதறிக்கொண்டு திரும்பினான்.

"மேடம், ஒரே நிமிஷம்! அந்த மூணு மணி வரியில மாமா பேரு இருக்கறதுக்கு அர்த்தமே இல்லை. கவர் மேல 'அனுப்புநர்'னு யாரு பேரை வேணா எழுதலாம் இல்ல? அந்த மாதிரி. என் கம்ப்யூட்டர்ல உக்காந்து உங்க பேரைப் போட்டுக்கூட என்னால அனுப்ப முடியும்."

"என் பேருலயா? லிஃப்ட் எங்கயாவது பாதியில நின்னா என்னையில்ல பிடிப்பாங்க! சரி, அப்போ நிஜமா அனுப்பினவனை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"யாரோட சாவி கதவைத் திறந்துச்சுன்னு சர்வர் தனியா எழுதி வைக்கும். அதைப் பார்க்கற அதிகாரம் மாமாவுக்கு மட்டும்தான்."

"அவரு பார்க்கற நிலைமையில இல்லையேப்பா."

"போன் மேடம்! யாரு உள்ள நுழைஞ்சாலும் அவரு போனுக்கு உடனே ஒரு மெசேஜ் போகும்!"

இன்ஸ்பெக்டரின் கையில், பிளாஸ்டிக் உறைக்குள், பூட்டின் போன். செத்தவர் பாக்கெட்டில் எடுத்தது.

"திறங்க மேடம்!" மேனேஜர் முந்திக்கொண்டார். "தாராளமாத் திறங்க! பூட்டு பேருதான் இருக்கும். தம்பியோட கட்டுக்கதை அத்தோட முடிஞ்சுடும்!"

உறையைப் பிரித்து இன்ஸ்பெக்டர் போனைத் தட்டினார். அது திறப்பதற்கான ரகசிய நம்பரைக் கேட்டது.

"அம்மா, நம்பர் தெரியுமா?"

அக்கா கசப்பாகச் சிரித்தாள்.

"அந்த மனுஷனா? என்கிட்டயா? வீட்டு வைஃபை பாஸ்வேர்டையே மாசா மாசம் மாத்திட்டு, எனக்குச் சொல்ல மறந்துடுவாரு. யாரையும் நம்ப மாட்டாரு. கட்டினவளையும் நம்பலை."

"விரல் வெச்சாலும் திறக்குமே..." தாடி இழுத்தான்.

"செத்த விரலுக்குத் திறக்காதுப்பா. வந்த கேஸ்லெல்லாம் வெச்சுப் பார்த்தாச்சு."

அக்கா திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"விரலா...? போன மாசம் ஒரு நாள் டிவி பார்த்துட்டு இருந்தேன். திடீர்னு பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சாரு. என்னடா இது, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சுன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. என் கட்டை விரலைப் போன்ல வெச்சு, அழுத்து, எடு, அழுத்துன்னாரு. அப்புறம் போனைத் தொடச்சிட்டு எழுந்து போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லலை."

இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார்.

கட்டை விரலை வைத்தாள் அக்கா.

திறந்தது!

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊரையே நம்பாத மனுஷன், தன் போனைத் திறக்க இந்த உலகத்தில் இன்னொரு விரலை அனுமதித்திருந்தார். அது அவளுடையது. இத்தனை நாள் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

இன்ஸ்பெக்டர் மெசேஜைத் தேடி உரக்கப் படித்தார்.

"மணி மூணு. நுழைந்த இடம், ஆபீசுக்கு வெளியே. நுழைந்த சாவி..."

நிறுத்தினார். நிமிர்ந்தார்.

"...மேனேஜர்!"

"அது எப்படி?" மேனேஜர் துள்ளிக் குதித்தார். "இந்தத் தடவை நான்தான் பேரை மாத்திட்டேனே!"



தான் என்ன சொன்னோம் என்பது மேனேஜருக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. மற்றவர்களுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"ஓஹோ! இந்தத் தடவையா?" என்றார் இன்ஸ்பெக்டர் இனிமையாக. "அப்போ போன தடவை?"

விரலால் மெசேஜ்களைத் தள்ளினார்.

"இதோ இருக்கே. போன வாரம். மொத்த ப்ரோகிராமும் வெளியே காப்பி. சாவி, மேனேஜர்! யாருக்கு வித்தீங்க?"

"என்... என் லேப்டாப்பை யாரோ எடுத்து..."

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பை மூடினார். மறுபடி திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அது விசுவாசமாகத் திறந்துகொண்டது.

"சம்சாரம்கூடத் தொட முடியாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். அக்காவுக்காக அவரே போட்ட நாற்காலி.

"போட்டிக் கம்பெனியில டைரக்டர் பதவி தர்றேன்னாங்க... இவன் கண்டுபிடிச்சுட்டான். சாயங்காலம் ஓனர்கிட்ட சொல்லிடுவேன்னான். லஞ்ச்ல ஆபீஸ் காலியா இருந்துச்சு... வேற வழி தெரியலை. வீட்டுக்குப் போய் அவன் பேருல ஒரு வரியை மாத்தி அனுப்பினேன்." திடீரென்று ஆவேசமாக நிமிர்ந்தார். "ஆனா அந்த சர்வர் என்கிட்ட ஒண்ணுமே கேட்கலையே! போனுக்கு நம்பர்கூட வரலை!"

"எப்படி சார் வரும்?" தாடி பல்லைக் கடித்தான். "'நான் மேனேஜர், என்னை எதுவும் கேட்கக் கூடாது'ன்னு மாமாகிட்ட உத்தரவு போட்டது நீங்க. அவரும் உங்களுக்கு மட்டும் அந்த நம்பர் கேள்வியை எடுத்துட்டாரு. கேட்காதுன்னா எழுதாதுன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

அக்கா தம்பியின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

ஸ்டேஷன். மேனேஜருக்காக லாக்கப் கதவைக் கான்ஸ்டபிள் திறந்து பிடித்திருந்தார்.

"மேடம், இது அநியாயம்! இன்னும் எவ்வளவோ சொல்ல இருக்கு. என்னை எதுவுமே கேட்காம உள்ள தள்ளறீங்களே!"

இன்ஸ்பெக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தார்.

"உங்களை எதுவும் கேட்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே சார்! கவலைப்படாதீங்க, உள்ள போக இங்க ஒண்ணுமே கேட்க மாட்டோம். வெளிய வர்றதுக்குத்தான் ரெண்டு பேர் ஜாமீன் கேட்போம்!"