புளித்துப்போன புழுப்பெட்டி

மழைக்குப் பயந்து, விரித்த குடையோடு கடைகளை ஒட்டிய கூரையுள்ள ஐந்தடி நடைபாதைக்குள் பாய்ந்தான் முத்துராமன். குடை நேராகப் போய் ஒரு பெண்ணின் கையில் இடித்தது. அவள் கையிலிருந்த ஐஸ்கிரீம் டப்பா எகிறி விழுந்தது. மூடி ஒரு பக்கம் ஓட, ஈரத் தரையில் சிவப்புச் சிவப்பாக நெளிந்தன... மண்புழுக்கள்!

"ஐயோ! கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. மழைத்துளி தங்கிய இமைகள்... கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட இரண்டு கண்கள்... சிராங்கூன் ரோட்டின் அத்தனை கடை விளக்கும் அவற்றுக்குள்தான் எரிந்தது. நியாயமாக இந்த இடத்தில் மல்லிகை மணந்திருக்க வேண்டும். பூக்கடைகூடப் பக்கத்தில்தான். ஆனால் மணந்தது என்னவோ மக்கிய வாழைப்பழத் தோல்.

"இருங்க... புழு கேட்ட பிரேம் நீங்கதானா? நான் யாமினி."

"ஆ... ஆமா. பிரேம்தான்."

முகக்கவசத்துக்குள் அவனுக்கு வியர்த்தது. காரணம் இருந்தது. இந்த வருஷம்தான் அவன் வீட்டில், சமையல் கழிவை உரமாக்கும் புழுப்பெட்டி வைத்தான். இணையத்தில் நாலு காணொளி பார்த்தான். பெட்டி வைத்த சூடு ஆறுவதற்குள் சமூக மன்றத்தில் 'மண்புழுவும் மானுடமும்' என்று உரையாற்றக் கிளம்பிவிட்டான். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி புழுவை அள்ளி வழங்கினான், ஏதோ நாட்டைப் பிரித்துக் கொடுக்கிற மன்னன்போல. போன வாரம் பெட்டியைத் திறந்தால்... ஒரு புழுவும் இல்லை. செத்த புழு உடம்பைக்கூட விட்டுவைக்காது, கரைந்துவிடும். துக்கம் கொண்டாடக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

அழுது தீர்த்திருக்கலாம். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அதே பெட்டியை ஊர் பார்க்கத் திறந்துகாட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பொன்னாடை வேறு. அதனால்தான் பொய்ப் பேரில், தொப்பி போட்டு, இணையத்தில் புழு இனாம் என்று அறிவித்திருந்தவளிடம் வாங்க வந்திருந்தான்.

இருவரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒரே புழுவுக்கு இரண்டு கைகள் நீண்டன... விரல்கள் பட்டுக்கொண்டன. நடுவில் புழு நெளிந்தது.

"மெதுவா லா! அதுவும் உயிருதானே?"

அவன் நெஞ்சு படபடத்தது. படபடத்தால் அவனுக்கு வாயில் செந்தமிழ் வந்துவிடும்.

"ஆம்! இவை மண்ணின் மௌனப் பாட்டாளிகள் அல்லவா!"

யாமினியின் கை ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். உதட்டோரம் என்னவோ வந்து, மறைந்தது.

"இவ்வளவு புழு... உங்களுக்கு எங்க கெடைச்சுது?" என்று பேச்சை மாற்றினான்.

"புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்துல ஒருத்தரு பேசினாரு. கடைசில ஒரு புடி குடுத்தாரு. அதான் இப்படிப் பெருகிருச்சு."

அவனுடைய புழுக்கள்! கேட்கக்கூடாது என்று அறிவு சொன்னது. யார் கேட்டார்கள் அதை?

"பேச்சு எப்படி?"

"பேச்சா? புழுவே தூங்கிருச்சு."

"...சரி, எப்படி வளத்தீங்க?"

"எங்க வளத்தேன்? எப்பவாச்சும் வாழப்பழத் தோலு போடுவேன், மூடிடுவேன். இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பாக்குறேன் நான். நாள் முழுக்கப் பொய் சொல்றவங்ககூடப் பேசிட்டு வீட்டுக்கு வந்தா, வாயில்லாத புழுவப் பாக்கவே நிம்மதியா இருக்கும்."

முத்துராமன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

மறுநாளே கலவரம். பெட்டியைத் திறந்தால் புழுக்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன, தீப்பிடித்த வீட்டில் மாடிக்கு ஓடுகிறவர்கள்போல. அள்ளி உள்ளே விட்டான். மறுபடி ஏறின. தண்ணீர் தெளித்தான். பசியோ என்னவோ என்று, அம்மா விசாலாட்சி வத்தக்குழம்புக்குக் கரைத்துவிட்டு வைத்த புளிச் சக்கையை வழக்கம்போலக் கொண்டுபோய்ப் போட்டான். போட்டுவிட்டு யாமினிக்குச் செய்தி அனுப்பினான்.

'மேல ஏறுதுங்க.'

'புது வீடு, எட்டிப் பாக்குதுபோல. விடுங்க பிரேம்.'

விட முடியவில்லை. பல் தேய்க்குமுன் ஒரு தரம், பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஒரு தரம் மூடியைத் திறந்தான். திறக்கும்போதெல்லாம் புழு குறைந்திருந்தது. குறையும்போதெல்லாம் செய்தி அனுப்பினான். அவளும் பதில் போட்டாள். புழுவில் ஆரம்பித்த பேச்சு அவள் ஆபீஸ் காப்பி, அவன் மேலாளர், பாதியில் நின்றுபோன அவளது வீணை வகுப்பு என்று எங்கெங்கோ போனது. செத்துக்கொண்டிருப்பது புழு. இவனுக்கு ஏன் உள்ளே இப்படி இனித்துத் தொலைக்கிறது...?

"அந்தப் பொட்டியையே பாத்துட்டுக் கெடக்கியேடா," என்றாள் அம்மா. "ஒரு பொண்ணப் பாத்திருந்தா இந்நேரம் எனக்குப் பேரன் பொறந்திருப்பான்."

வெள்ளிக்கிழமை அவளே செய்தி அனுப்பினாள்.

'பிரேம், அந்தப் பேச்சாளர் ஞாயித்துக்கிழம மறுபடியும் வர்றாராம். பெட்டியத் தொறந்து காட்டப்போறாராம். வாங்களேன், சேந்து உக்காந்து சிரிக்கலாம்.'

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? போகாவிட்டால் பேர் போகும். போனால் அவள் போவாள். ஒரே வார்த்தைதான் அடித்தான்.

'வர்றேன்.'

ஞாயிற்றுக்கிழமை. பசுமைக் குழுத் தலைவர் ரத்னவேல் ஒலிபெருக்கியை விழுங்கிவிடுவதுபோல் பிடித்திருந்தார்.

"மண்ணின் மடியில் விளைந்த மாணிக்கம்! புழுவுக்கும் புகலிடம் தந்த புண்ணியர்! எங்கள் முத்துராமன்!"

பொன்னாடை தோளில் விழுந்தது. பாலியெஸ்டர். முதல் வரிசையில் யாமினி... நீலச் சுடிதார், நெற்றியில் சின்னப் பொட்டு. அவள் பக்கத்து நாற்காலியில் கைப்பை இருந்தது. உட்கார வந்த ஓர் அம்மாளிடம், "ஆளு வர்றாங்க ஆன்ட்டி," என்று அவள் சொன்னது மேடைக்கே கேட்டது.

பிரேமுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

முத்துராமன் மூன்று பக்கப் பேச்சு மனப்பாடம் செய்திருந்தான். ஒரு வரியும் வரவில்லை.

"என் புழுவெல்லாம் செத்துப்போச்சு," என்றான்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது.

"ஆஹா! என்ன ஓர் உருவகம்!" என்று கை தட்டினார் ரத்னவேல். மண்டபமும் தட்டியது.

"உருவகம் இல்ல சார். நெஜமாவே செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். எப்படின்னுகூட எனக்குத் தெரியல. இதுக்குள்ள இருக்குறது முதல் வரிசையில உக்காந்திருக்காங்களே, அவங்க புழு. பொய்ப் பேரு சொல்லி வாங்கினேன். நீங்க... அந்த சீட்டுல வேற யாரையாச்சும் உக்கார வைங்க யாமினி. பிரேம்னு யாரும் இல்ல."

அவள் எழுந்தாள். போய்விடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மேடையில் நின்றாள். பெட்டியைத் திறந்தாள். எஞ்சிய புழுக்கள் மூடிக்கடியில் பந்துபோல் ஒட்டிக்கிடந்தன. குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்ன போட்டீங்க இதுல?"

"எலுமிச்ச போடல, ஆரஞ்சு போடல... புளிப்பான பழம் எதுவும் ஆகாதுன்னு அந்த இங்கிலீஷ் காணொளில சொன்னாங்க. தினமும் கொஞ்சம் புளிச் சக்க மட்டும்..."

"புளியா! இது பெட்டி இல்ல லா... ரசம்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் ரத்னவேல் பொன்னாடையை மெல்ல உருவி மடித்துக்கொண்டார். அடுத்த மாதம் வேறு மாணிக்கம் வரும்.

மேடைக்குப் பின்னால் இருவரும் தரையில் உட்கார்ந்து, நாளிதழைக் கிழித்து நனைத்துப் படுக்கை போட்டு, புழுக்களை ஒவ்வொன்றாக வேறு வாளிக்கு மாற்றினார்கள்.

"பொழைக்குமா?"

"தெரியல. நானும் புதுசுதானே."

"எம்மேல கோவமா?"

"மொதப் பேச்சுல சொன்ன மாதிரியே மௌனப் பாட்டாளின்னு சொன்னீங்கல்ல... அன்னிக்கே ஆளத் தெரிஞ்சுபோச்சு. ஆனா க்ளெய்ம் பொய்யின்னு தெரிஞ்சாலும் நாங்க ஒடனே தள்ள மாட்டோம். அவங்களே வந்து சொல்லட்டும்னு கொஞ்ச நாள் விட்டுவெப்போம்."

"யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இல்ல..." அவள் குரல் தணிந்தது. "இன்னிக்குத்தான். அதுவும் மைக்கப் புடிச்சுக்கிட்டு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரு புழு அவன் மணிக்கட்டில் ஊர்ந்தது. இப்போது ஒரு நல்ல உவமை வேண்டும்... நிலவு, கடல், ஏதாவது. ஒன்றும் சிக்கவில்லை.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு," என்றான். சொன்ன மறுநொடி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "கையெல்லாம் ஒரே மண்ணு..."

யாமினி வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதோரம் மட்டும் சிவந்திருந்தது.

"எனக்கும்தான்."

"எது... மண்ணா?"

"ரெண்டும்," என்றாள்.