பருத்திமார்க் கட்டில் ஒரு பச்சைத் தூர்

"அண்ணாச்சி, என்னைத் திருடின்னுட்டாவ! தெருவே கேக்கக் கத்துனாவ!"

ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு பூவனலிங்கத்தின் வாசலில் தங்கமாரி ஆத்திரத்தோடு நின்றாள். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மாரிராஜ் வீட்டுத் தோட்டத்தில் அவளுக்கு ஆறு வருஷ வேலை. கொடைக்கானலிலிருந்து வந்த ஹைட்ரேஞ்சியா பூச்செடியைக் கிணற்றுச் சுவர் நிழலில் வைத்து, இலைமக்கு உரம் போட்டு, இந்தக் கரிசல் வெயிலிலும் பந்து பந்தாகப் பூக்க வைத்தவள். இன்று காலை அந்த இடத்தில் வெறும் குழி.

பூவனலிங்கத்தின் கூட்டாளி திருப்பதியின் ஆட்டோவில் மூவரும் மாரிராஜ் வீட்டுக்குப் போனார்கள். "பக்கத்து வீட்டுக்காரன்தான்!" என்று வழியிலேயே தீர்ப்பு சொன்னான் திருப்பதி.

"இவளைத் தவிர அந்தச் செடியோட அருமை யாருக்குத் தெரியும்?" என்று எகிறினாள் முதலாளியின் மனைவி பொன்மணி. மாரிராஜ் தரையைப் பார்த்தபடி நின்றார்.

பூவனலிங்கம் குழியருகே குந்தினார். "அருமை தெரிஞ்சவ மண்ணோட தோண்டியிருப்பா. இது வேர் அறுபடப் பிடுங்குனது. தங்கமாரி, செடியில இலை இருந்துச்சா?"

"மார்கழி பொறந்ததுமே உதுந்துட்டு. குளிருக்கு அப்படித்தான் மொட்டையா நிக்கும், உசுரு உள்ள இருக்கும். அம்மாட்ட சொன்னேன். ஐயா தோட்டப் பக்கமே வரமாட்டாவ."

சுவரோரம் பொங்கல் அடுப்பெரிக்க, காய்ந்த பருத்திச் செடிகளைக் கட்டிய பருத்திமார்க் கட்டு கிடந்தது. அவர் அதை அவிழ்த்து, வேரறுந்த ஒரு செடித் தூரை உருவினார்.

"பருத்தியில கணுவுக்கு ஒரு மொட்டு, மாறி மாறி வரும். இதுல ரெண்டு ரெண்டா எதிரெதிரே நிக்கி." நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. "இதான் காணாமப் போன செடி. இந்தக் கட்டைக் கட்டுனது யாரு?"

மாரிராஜ் முன்னால் வந்தார். "புதூர்ல இருந்து வந்த மாரு பத்தல. பட்டுப்போன குச்சின்னு நாந்தான் பிடுங்கினேன். பொன்மணி கத்தும்போதுதான் அது எந்தச் செடின்னு வெளங்குச்சு. பொங்கல் கழியட்டும், அப்புறம் சொல்லலாம்னு..."

"பொங்கல் கழிஞ்சா இது சாம்பல்லா! அவ காலத்துக்கும் திருடில்லா!" பூவனலிங்கம் குரல் உயர்த்தித் திருப்பதி அதுவரை கேட்டதில்லை.

"சரி, நாளைக்கு வேலைக்கு வா," என்றாள் பொன்மணி மெதுவாக.

தங்கமாரி வாசல் கேட்டைக் கைகாட்டினாள். "இங்கன சொல்லாதீங்கம்மா. திருடின்னு எங்க நின்னு கத்துனீங்களோ, அந்த கேட்டுல நின்னு சொல்லுங்க."

பொன்மணி கேட்டுக்குப் போய், தெரு பார்க்க, "தங்கமாரி எடுக்கல," என்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

தங்கமாரி பூவனலிங்கத்தின் கையிலிருந்த தூரை வாங்கி ஈரச் சாக்கில் சுற்றினாள்.

"இதுவரைக்கும் நான் ஒண்ணும் எடுக்கல. இதைக் கேக்காமலே எடுத்துட்டுப் போறேன். இப்பக் கத்துங்க."