ஏழு நாலுக்கு ஒரு கைரேகை

திருத்தணி ரயில் நிலையம். காலை எட்டு பத்து.

பிளாட்பாரம் பெருக்கும் ஜெயம்மாள் கடைசி பெஞ்சுக்கு வந்தாள்.

"யம்மா... காலத் தூக்கு. பெருக்கணும்."

வெள்ளை யூனிஃபார்ம். மேலே சால்வை. மடியில் பை. தலை குனிந்திருந்தது.

"நைட் டூட்டியா? அரக்கோணம் வண்டி வந்துகினு கீது. எந்திரி."

தோளைத் தொட்டாள்.

சால்வைக்காரி பக்கவாட்டில் சரிந்தாள். உட்கார்ந்த வடிவம் மாறாமல்...

ஜெயம்மாளின் அலறல் ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்டது!

*

இன்ஸ்பெக்டர் பூபாலன் எதிரே, இறந்துபோன நர்ஸ் பிரேமாவின் கணவன் அசோக்குமார். அரக்கோணம் ரயில்வே யார்டில் வேலை. வீடு மணவூர். கண்ணில் ஈரமே இல்லை.

"நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு சாப்பாடு கொண்டாந்தது நீங்கதானே?"

"ஆங் சார். லெமன் சாதம்."

"ராத்திரி ஒன்பதரைக்கு இந்த மெசேஜ் போட்டது?"

பிரேமாவின் செல்போனை நீட்டினார்.

'இனிமே வீட்டுக்கே வராத. அங்கியே இருந்துக்க.'

"நான்தான்."

"எதுக்கு?"

"நாலு நாளா வீட்டுக்கு வரல சார். ஒரு நாள் லீவ் போடு, மலைக்குப் படியேறிட்டு வரலாம்னேன். கல்யாணமாகி மூணு வருஷம்... ஒருவாட்டி கூட சேர்ந்து ஏறல. லீவ் தரமாட்றாங்கன்னு சொன்னா. கோவத்துல..."

"சாப்பாட்டுல எதாவது கலந்தியா?"

அசோக்குமார் சுவரைப் பார்த்தான்.

"எழுதிக்கோங்க சார்."

"என்னன்னு?"

"நான்தான் கொன்னேன்னு. கடைசியா அவ படிச்சது அதைத்தானே."

ஏட்டு கஜபதி பேனாவைத் திறந்தார். "ஒத்துக்கினான் சார்."

"மூடுய்யா பேனாவ. பாடி கிட்ட என்னென்ன இருந்துச்சு?"

"பையில போன், டிபன் பாக்ஸ். பாதி சாப்ட்டது. யூனிஃபார்ம் பாக்கெட்ல கத்திரிக்கோல், பேனா, ஒரு சின்ன சாவி."

சாவியில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதன் மேல் பேனா எழுத்து... 'ஐ.சி.யூ. மருந்து.'

*

கே.ஜி.கண்டிகை போகும் ரோட்டில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. நிர்வாகி முரளிதரன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பிரேமா எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி சார்."

"குடும்பத்துல டூட்டி எத்தனை மணி நேரம்?"

முரளிதரன் சிரித்துவிட்டு கைரேகை வருகைப் பதிவுத் தாளை நீட்டினார். 'பிரேமா. வெளியே: காலை 7.04.'

"விரல் வச்சிட்டு கெளம்பியாச்சு. அப்புறம் வழியில நடந்ததுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? புருஷனோட தகராறுன்னு கேள்வி."

"மெஷின் எங்க?"

"இதோ, என் ரூம்லதான். வெளிய வச்சா ஏமாத்துவாங்க. என் கண் எதிர்லதான் விரல் வைக்கணும். நான் இல்லன்னா ரூம் பூட்டிருக்கும்."

மேஜை மேல் பிரேமாவின் ஃபைல். லீவ் லெட்டர்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் அதே நாலு வார்த்தை.

பூபாலன் ஃபைலோடு ஐ.சி.யூ.வுக்கு நடந்தார். காலை ஷிஃப்ட் நர்ஸ் நிர்மலாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"பிரேமா உங்ககிட்ட டூட்டிய ஒப்படைச்சிட்டு போனாங்களா?"

"இல்ல சார். ஏழரைக்கு வந்தேன். அவ கெளம்பிட்டா, நீ பாத்துக்கன்னு முரளி சார் சொன்னாரு."

"அப்படிப் போறது உண்டா?"

"செத்தாலும் போமாட்டோம் சார்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேஷண்ட் ஒவ்வொருத்தரையும் சொல்லணும். மருந்து எண்ணிக் காட்டி சாவிய கைல குடுக்கணும். மறந்து எடுத்துகினு போனா பாதி வழில இருந்தாலும் திரும்பக் கூப்பிடுவாங்க. இன்னிக்கு சாவியக் காணோம். பூட்ட உடைச்சோம்."

பூபாலன் பிளாஸ்திரி சாவியைக் காட்டினார்.

"சிஸ்டர் கையெழுத்து..." நிர்மலா அழுதாள்.

"காணோம்னதும் அவங்களுக்கு போன் போடலியா?"

"போட்டோம். எடுக்கல. டூட்டில இருக்கும்போதும் எங்க கைல போன் இருக்காது சார். உள்ள வரும்போதே முரளி சார் வாங்கி, அவர் ரூம்ல பூட்டி வச்சிடுவாரு. போம்போதுதான் குடுப்பாரு."

பூபாலனின் செல் ஒலித்தது. அரசு மருத்துவமனை டாக்டர்.

"விஷம் மாதிரி தெரியல சார். ஹார்ட் நின்னுருக்கு. விறைப்பைப் பாத்தா காலைல அஞ்சு மணிக்கே உயிர் போயிருக்கு."

*

"பிரேமா விரல் வைக்கும்போது நீங்க எதிர்ல இருந்தீங்களா முரளிதரன்?"

"இருந்தேன். குட் மார்னிங் கூட சொன்னாங்க."

"பரவால்லியே. செத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு!"



"கொலை இல்ல சார்..." முரளிதரனுக்கு வியர்த்தது. "ஆறரைக்குப் பாத்தேன். டூட்டி ரூம் நாற்காலில சில்லுனு உக்காந்திருந்தாங்க. நாலு நாளா விடாம டூட்டி. இங்க செத்தாங்கன்னா லைசென்ஸ் போயிடும். வீல்சேர்ல வச்சு இந்த ரூமுக்குக் கொண்டாந்து... விரலை எடுத்து வச்சேன். ஆம்புலன்ஸை நானே ஓட்டினேன். ரயில்வே ஸ்டேஷன்ல வீல்சேரைப் பாத்தவங்க பேஷண்ட்டுன்னு நெனச்சுகினாங்க."

"அஞ்சுலேர்ந்து ஆறரை வரைக்கும் யாருமே பாக்கலியா?"

"அந்த நேரத்துல அவங்க ஒருத்தர்தான் சார் டூட்டி."

பூபாலன் பிளாஸ்திரி சாவியை மேஜை மேல் வைத்தார்.

"சால்வை போத்தின. பூட்டி வச்ச போனைப் பைல போட்டு மடில வச்ச. பாக்கெட்டைப் பாக்கல. வார்டுல ஒரு நாள் வேலை செஞ்சிருந்தா மொதல்ல சாவியத்தான் எடுத்திருப்ப."

ஏட்டுக்கு போன் போட்டார்.

"அசோக்குமார்கிட்ட குடு... தம்பி, உங்க மெசேஜ் போகும்போது போன் இங்க பூட்டி இருந்துச்சு. பிரேமா படிக்கவே இல்ல. மொதல்ல படிச்சது எங்க ஏட்டு."

 மறுமுனையில், காலையிலிருந்து வராத அழுகை வந்தது.

பூபாலன் அது முடியும் வரை காத்திருந்தார்.

"நீங்க போலாம்."

"எங்க சார் போறது?"

 பூபாலன் போனை வைத்தார்.

ஜீப்பில் ஏறும்போது முரளிதரன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார்... நாளைக்கு ஆஸ்பத்திரில முக்கியமான மீட்டிங். ஒரே ஒரு நாள் விட்டுடுங்க. நாளன்னிக்கு நானே ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

பூபாலன் பிரேமாவின் ஃபைலைத் திறந்து, சிவப்பு மையைப் பார்த்து நிதானமாகப் படித்தார்.

"ஆள் பத்தலை. லீவ் கிடையாது."