ஈயம் அடைத்த துளை

"அந்த ஊசிய வெளிய எடுங்க. அப்புறம்தான் கையெழுத்து."

கேட்டுவிட்டேன். இந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று அம்மா எச்சரித்தது இந்த ஒன்றைத்தான்.

காலையில் போனில் சொன்னாள். "குராஹாஷி வீட்டுக்கா போற? வேற எது வேணா கேளுடி சிகுசா. வாள் உறைல ஊசி ஒண்ணு இருக்கும். அத மட்டும் எடுக்கச் சொல்லாத."

"ஏம்மா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

பதினேழு வயதில் மலைக் கிராமத்திலிருந்து வந்து ஒரு வருடம் அம்மா அந்த வீட்டில் வேலை செய்தாள். அதன் பிறகு அவளுக்கு வலது காது கேட்காது. காய்ச்சலில் போனது என்பாள். நானும் தம்பியும் அவளுக்கு இடது பக்கம் நின்று பேசியே வளர்ந்தோம். மீன் ஆலையில் முப்பது வருடம் குடல் உருவி என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது நகர அருங்காட்சியகத்தில் ஒப்பந்த ஊழியர். குராஹாஷி வீட்டுப் பழைய சாமுராய் வாள் கொடையாக வந்தால் என் வேலை நிரந்தரம். அதற்குப் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும். படிவத்தை மேலதிகாரி முன்பே நிரப்பித் தந்திருந்தார். 'ஊசியின் பயன்: தலைமுடி ஒதுக்க. வேறு பயன் இல்லை.'

ஊசியைப் பார்க்காமல் எழுதியது.

வெளியே ஐப்பசி மாதம் போல ஓயாத மழை. அறையில் பாய் ஈரத்தில் ஊறிய வாடை. அதற்கும் அடியில் வேறொரு வாடை. எனக்குத் தெரிந்த வாடை, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

வீட்டுக்காரர் குராஹாஷி என் குடும்பப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அறுபது தாண்டியவர். நகங்கள் அவ்வளவு சுத்தம்.

"தொகுதா சான், காலேஜ்ல இதெல்லாமா சொல்லிக் குடுக்கிறாங்க? மலைப்பக்கத்துப் பொண்ணுங்க முன்னெல்லாம் கேள்வி கேக்காதுங்க."

"நான் கேப்பேன்."

வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே வட்டத் தகடாக இருக்கும் கைக்காப்பில் இரண்டு துளைகள் இருக்கும். உறையின் இரு பக்கமும் செருகியிருக்கும் சிறு கத்தியும் ஊசியும் அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியே வரும். கோகாய் என்கிற அந்த ஊசி ஒரு சாண் நீளம். முடி ஒதுக்குவார்கள், தலை சொறிவார்கள். அதன் மேல்முனை குட்டிக் கரண்டி போல இருக்கும். காது குடைய.

இந்த வாளில் ஊசியின் துளையை மட்டும் ஈயத்தால் அடைத்திருந்தார்கள். அழகுக்காக அடைப்பது உண்டுதான். ஆனால் அடைத்தவர்கள் ஊசியை உள்ளே விட்டு அடைக்க மாட்டார்கள். இங்கே வாளை உருவினால்தான் ஊசி வெளியே வரும்.

"காகிதம்" என்றார்.

மடித்த காகிதத்தைப் பல்லில் கவ்வினேன். வாள் வெளியே இருக்கும்போது எச்சிலும் மூச்சும் அதன்மேல் படக் கூடாது. பயிற்சியில் முதல் நாளே கற்றது. யாரும் சொல்லாமலே கை செய்யும்.

வாளை உருவி மேடையில் வைத்தார். கைக்காப்பின் அடிப்பக்கம் என் கண்ணில் பட்டது.

ஈயத்தில் கீறல்கள். பிறை பிறையாக, நூற்றுக்கணக்கில். எல்லாம் உள்ளிருந்து.

அவர் ஊசியை இழுத்தார். சேற்றிலிருந்து காலை எடுக்கும் சத்தம்.

கரண்டி முனையில் அரிசி அளவு மஞ்சள் உருண்டை. ஈரமாக. அதில் சிவப்பாக ஒரு நூல்.

வாடை இப்போது பிடிபட்டது.

அம்மாவின் தலையணை.

"காதழுக்கு." வேறொரு காகிதத்தில் துடைத்து அதைப் பாயில் போட்டார். "பத்து மூச்சு விடுங்க. திரும்ப வரும்."

எண்ணினேன். வந்தது.

"எங்க வம்சத்துல எல்லாருக்கும் காது காஞ்சிருக்கும். தவிடு மாதிரி. இப்படிப் பிசுபிசுன்னு இருக்கறது மலைப்பொண்ணுங்களுக்குத்தான்." அருவருப்பில் அவர் மூக்கு சுருங்கியது. யாருக்கு அருவருப்பு பாருங்கள். "இந்த அறையிலதான் அந்தக் காலத்துல ஆலோசனை நடக்கும். டீ கொண்டு வர்ற பொண்ணு கேட்டுட்டுப் போய் வெளிய சொல்லிடக் கூடாதில்லையா? அதான், வேலைக்குச் சேரும்போதே காதைச் சுத்தம் பண்ணிடுவோம். டீ வைக்கிறப்ப நம்ம பக்கம் இருக்கிற காது. வலது காது."

எனக்கும் காது பிசுபிசுப்புதான். அம்மாவைப் போல.

"கடைசியா எங்கப்பா பண்ணினாரு. அப்ப ஆலோசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வழக்கத்த விடக் கூடாதுன்னு. நான்தான் தலையைப் புடிச்சுக்கிட்டேன், இருபது வயசு எனக்கு. கத்தவே இல்ல அந்தப் பொண்ணு. வாய்ல காகிதம் இருந்துச்சு."

என் பல்லுக்கு நடுவே காகிதம் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது.

வலது காதுக்குள் ஏதோ திரும்பியது. மெல்ல. ஈரமாக.

அவர் ஊசியைப் பாயில் வைத்துவிட்டுப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். ஊசி எங்களிடமிருந்து மூன்றடி தள்ளிக் கிடந்தது.

கரண்டி முனை என் பக்கம் இருந்தது. வைத்தபோது அவர் பக்கம் இருந்தது.

"கேக்குதா?"

ஒரு சிறுமியின் குரல். காதுக்குள்ளிருந்து. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வரிசையாக, கிசுகிசுவென்று, கேக்குதா, கேக்குதா.

காகிதத்தைத் துப்பினேன். வாளின்மேலேயே.

"ஏய்! என்ன காரியம் பண்ற!"

படிவத்தை இழுத்தேன். 'தலைமுடி ஒதுக்க' என்பதை அடித்தேன். கீழே எழுதினேன்: 'வேலைக்கு வந்த பெண்களின் காதைக் குத்திக் கெடுக்க. கடைசியாக, 1978, இவாசே மியோகோ, வயது 17.' கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். "இந்தப் பேரு உனக்கு எப்படி..."

"எங்கம்மா. கல்யாணத்துக்கு முந்தின பேரு."

அவர் முகம் வெளுத்த துணி போல ஆனது. மெதுவாக வலது காதைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இதக் குடுத்தா உன் வேலை போயிடும்மா. யோசிச்சுக்கோ" என்றார், காதிலிருந்து கையை எடுக்காமலே.

யோசிக்க ஒன்றும் இல்லை. படிவத்தை மடித்தேன். அவர் துடைத்துப் போட்ட காகிதத்தையும் இரண்டு விரலால் எடுத்துப் பையில் போட்டேன். வாசலில் ஷூவை மாட்டும்போது உள்ளே பாயில் எதுவோ சுரண்டும் சத்தம். கிர். கிர். அவர் ஏதோ கத்தினார். நான் திரும்பவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் பேருந்து இந்தப் பக்கம். மலைக்குப் போகும் பேருந்து எதிர்ப்பக்கம். சாலையைக் கடந்தேன். இன்று அம்மாவின் வலது பக்கம் உட்கார்ந்து பேசப் போகிறேன். அதன் பிறகு போலீஸ்.

குடை விரித்துத்தான் வந்தேன். பையின்மேல் ஒரு சொட்டு மழை படவில்லை.

ஆனால் அதன் அடி மஞ்சளாக ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.