என் காலு, என் வலி

தீக்காய வார்டுக்கு மாற்றலாகி வந்த அன்றே, கூட வேலை பார்ப்பவர்கள் நர்ஸிடம் சொல்லிவிட்டார்கள்: "ஏழாம் நம்பர் பொண்ணு பெரிய வாயாடி. வாயைக் கொடுத்தீங்க, மீளமாட்டீங்க."

கொதிநீர் கொட்டி வலது தொடை வெந்துபோன ஒன்பது வயதுப் பெண். மதியம், கட்டு மாற்றும் அறையில், நர்ஸ் அவளுக்கு வி.ஆர். கண்ணாடியை மாட்டினாள். அதற்குள் ஒரு கடல். கடல் நிறைய மீன்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குப் பாதி வலி மறந்துபோகும்.

உப்புநீரில் ஊறிய கட்டுத் துணி மெல்ல உரிந்துகொண்டிருந்தது. மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. அந்த வாயாடி, மீன்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று பேச்சு நின்றது.

"அக்கா, இங்க ஒரு அத்தை நிக்கறாங்க."

பிள்ளை பார்ப்பதெல்லாம் நர்ஸின் கைத்திரையிலும் தெரியும். அதில் மீன்களைத் தவிர யாருமில்லை.

"என்ன சொல்றாங்க?" நர்ஸின் குரல் தானாகத் தாழ்ந்தது.

"இங்கயே இருந்துடு கண்ணு, வெளிய போனாத்தான் வலின்னு."

நர்ஸ் கருவியை அணைத்தாள். திரை இருண்டது.

"இன்னும் தெரியறாங்க, அக்கா. கையைப் பிடிச்சுட்டாங்க."

பிள்ளையின் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் கண்ணாடியின் வாரைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. டாக்டரைக் கூப்பிட வாய் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

பிள்ளையின் நாடி நழுவியது.

"அக்கா..." எங்கோ அடியாழத்திலிருந்து ஒரு குரல். "கட்டுத் துணியை இழுங்க. வலிச்சாத்தான் வருவேன்."

நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"ஐயோ!" வாயாடி துள்ளி எழுந்தாள். "போடி! என் காலு, என் வலி! உனக்கென்னடி வந்துச்சு?"

கண்ணாடி தெறித்துத் தரையில் விழுந்தது.

அதை அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டினாள் நர்ஸ். பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் வாயாடி வார்டே அதிரத் திட்டித் தீர்த்தாள். புண்ணும் ஆறிக்கொண்டே வந்தது.

எட்டாம் நாள், பக்கத்துக் கட்டிலில் நாலு வயதுக் குழந்தைக்குக் கட்டு மாற்றினாள் நர்ஸ். கண்ணாடி இல்லை, எதுவுமில்லை. வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென அடங்கியது. சிரித்தது.

"சரி, அத்தை" என்றது.

நர்ஸ் திரும்பி வாயாடியைப் பார்த்தாள்.

வாயாடி நொண்டிக்கொண்டே ஓடிவந்து குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவகிட்ட பேசாதே! கத்து! நல்லாக் கத்து!"

குழந்தை கத்தியது. மற்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். வாயாடி இடுப்பில் கைவைத்து, ஆளில்லாத இடத்தை முறைத்தாள். "இன்னும் யாரையாவது தொட்டுப் பாரு!"

கூச்சல் ஓய்ந்தது.

கடைசிக் கட்டிலில் ஒரு கைக்குழந்தை மட்டும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத அந்த வார்டில், அதன் நெற்றி முடி மெதுவாக, மிக மெதுவாக, பின்னால் ஒதுங்கியது.

யாரோ கோதிவிடுவதுபோல்.