மூடிக்குள் மூன்று கீறல்கள்

காலை 5.40. மாங்குளம் சந்தியில் மரியநேசன் லொறியின் முன்னால் ஹாண்டிலைப் போட்டு நாலு தரம் சுற்றிப் பார்த்தான். எஞ்சின் இருமக்கூட இல்லை. பொனற்றைத் திறந்து உள்ளே குனிந்தான். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. ஆறு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்பொறி அனுப்பும் டிஸ்ரிபியூற்றரையும் காணவில்லை. அதன் கறுப்பு மூடி மட்டும் வயர்களோடு தொங்கியது.

லொறி முல்லைத்தீவில் வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டி சூசைப்பிள்ளையுடையது. மரியநேசன் அதன் சாரதி. முதல்நாள் மாலை மீன்பெட்டிகளை ரயிலில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டுக்கடை வாங்குப் பலகையில் படுத்தவன். எட்டு மணி பஸ்ஸில் வந்திறங்கிய சம்மாட்டி, ஒரு கேள்விகூடக் கேட்காமல், கூடிநின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கள்ளனை வேற எங்கையும் தேட வேண்டாம். இவன்தான் வித்துப்போட்டான்."

அந்தச் சொல் ஒட்டிவிட்டால் கரையில் யாரும் இனி அவனை நம்பி ஒரு மாட்டுவண்டிகூடத் தரமாட்டார்கள்.

9.15. சப்-இன்ஸ்பெக்டர் யோகநாதன் வந்து சேர்ந்தார். அந்த இரவு சந்தியில் வேறு இரண்டு ஆறு சிலிண்டர் லொறிகளும் நின்றிருந்தன. இரண்டையும் அவர் நகரவிடவில்லை. கனகராயன்குளம் ஏரம்புவின் நெல் லொறியில் காபரேற்றர் பளபளவென்று மின்னியது. போன மாதம் வவுனியாவில் வாங்கியதாம், ரசீதுத் துண்டு தொலைந்துபோய்விட்டதாம். புளியங்குளம் அப்புத்துரையின் மரம் ஏற்றிய லொறியிலோ எல்லாம் தூசியும் கிரீசுமாக வருஷக்கணக்கில் கை படாததுபோல் கிடந்தது. பளபளப்பைக் கண்டதுமே வழக்கு முடிந்ததென்று யோகநாதன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனாலும் சாமானை அடையாளம் காட்ட ஒருவர் வேண்டுமே. கராஜ்காரர் காய்ச்சலில் கிடந்தார். அவர் மனைவி பத்மாசனி வந்தார். கணவர் கழற்றிப்போடுவதையெல்லாம் பத்து வருஷமாக மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிக் கொடுப்பவர். சாமான் கழுவுகிற பொம்பிளை துப்புத் துலக்கப் போகிறாவோ என்று சம்மாட்டி நக்கலடித்தார். பத்மாசனி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தம்பி, வண்டி எப்பிடி ஓடினது?"

"ரெண்டு மாசமா ஏத்தத்தில முக்கும் அக்கா. டிஸ்ரிபியூற்றர் தண்டு ஆடுது, மாத்த வேணும் எண்டு சம்மாட்டியாரிட்டச் சொன்னனான்."

சம்மாட்டி வேறு பக்கம் பார்த்தார்.

பத்மாசனி தொங்கிய மூடியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். வட்டமாக ஆறு பித்தளை முனைகள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்றில் மட்டும் மெல்லிய கீறல். பிறகு காபரேற்றர் இருந்த ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு, நேரே ஏரம்புவின் லொறிக்குப் போய் அங்கும் ஓட்டினார்.

"ஐயா, இது ரெண்டு ஆணிக் கால். மீன் லொறியில மூண்டு ஆணி. இதை அங்க இருத்தேலாது."

யோகநாதனின் கை மீசையிலிருந்து இறங்கியது.

அப்புத்துரையின் காபரேற்றருக்கு மூன்று ஆணி. பத்மாசனி சேலைத் தலைப்பால் ஓர் ஆணியைத் துடைத்தார். தூசிக்கு அடியில் ஸ்பனர் பட்ட புதுக்காயம். மூன்று ஆணி லொறி இந்த நாட்டில் நூறு ஓடுகிறது, தான் நேற்று இறுக்கிப் பூட்டியது என்றார் அப்புத்துரை. அதுவும் நியாயம்தான்.

10.05. பத்மாசனி கடையிலிருந்து ஒரு கைவிளக்கு வாங்கி, மூடியின் ஆறு பித்தளை முனைகளிலும் புகைக்கரி பிடிக்கவைத்தார். ஏரம்புவின் லொறியில் அந்த மூடியைப் போட்டு, ஹாண்டிலைப் பத்துத் தரம் சுற்றச் சொன்னார். கழற்றிக் காட்டினார். ஆறு கரியும் அப்படியே இருந்தன.

அடுத்தது அப்புத்துரையின் லொறி. மரியநேசனே சுற்றினான். மூடியைக் கவிழ்த்தபோது சனம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. மூன்று முனைகளில் கரி கிடந்தது. மூன்றில் துடைத்துப்போயிருந்தது. கீறல் விழுந்த அதே மூன்று.

மரியநேசன் குனிந்து மூடியைப் பார்த்தான். எத்தனை தடவை அந்த மூடியைத் திறந்து மூடியிருப்பான். இரும்பு வாய் திறந்து சாட்சி சொல்லுமென்று கனவிலும் நினைத்ததில்லை. மண்ணெண்ணெயில் வெடித்துப்போயிருந்த அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

"தண்டு ஒரு பக்கம் ஆடுறபடியா, டிஸ்ரிபியூற்றருக்குள்ள சுத்துற கை அந்தப் பக்கத்து மூண்டு முனையிலையும் உரசிப்போடும்" என்றார் பத்மாசனி. "எடுத்தவர் அப்புத்துரை அண்ணைதான் ஐயா."

"இவன் வித்து, அவர் வாங்கியிருந்தால்?" சம்மாட்டி விடவில்லை.

"விக்கிறவன் மூடியையும் சேர்த்துத்தானே விப்பான். அவசரத்தில களவெடுத்தவருக்கு அது தேவைப்படேல்லை. தன்ர மூடி தன்ர வயரோட நிக்குது. வெறும் மூடிதானே எண்டு விட்டிட்டுப் போட்டார்."

மரக்குற்றிகளுக்கு அடியில் தேடிய பொலிசார் பழந்துணியில் சுற்றிய, அப்புத்துரையின் லொறியிலிருந்து கழற்றிய பழைய காபரேற்றரையும் டிஸ்ரிபியூற்றரையும் எடுத்தார்கள். அப்புத்துரை ரோட்டோரம் குந்திவிட்டார். மீன் லொறிப் பெடியன் நல்ல நித்திரை, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொன்னார்.

11.20. சாமான்களைப் பூட்டியதும் மீன் லொறி உறுமியது. சூசைப்பிள்ளை முன் சீற்றில் ஏறி உட்கார்ந்து, "ஏறடா, போவம்" என்றார்.

மரியநேசன் ஏறவில்லை.

"இத்தினை பேருக்கு முன்னால கள்ளன் எண்டனீங்கள் சம்மாட்டியார். இத்தினை பேருக்கு முன்னால இல்லை எண்டும் சொல்லுங்கோ."

சம்மாட்டி சனத்தைப் பார்த்தார். பத்மாசனியைப் பார்த்தார். மெல்ல இறங்கித் தோள்சால்வையைக் கையில் எடுத்தார்.

"மரியநேசன் கள்ளனில்லை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அதற்குப் பிறகுதான் அவன் லொறியில் ஏறினான்.