கடுகு வெடித்த சனிக்கிழமை

கடுகுக்கு வயது பத்து. அவளுக்கு வேறு ஒரு பெயரும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது மட்டும்தான் அதைக் கேட்க முடியும். வீட்டிலும் தெருவிலும் அவள் கடுகுதான். ஆள் சின்னது. சூடு பட்டால் போதும், படபடவென்று வெடிப்பாள்.

அன்று சனிக்கிழமை. கடுகு பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுக்குப் பின்பக்கம் இருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"அம்மா! சீக்கிரம் வா! உன் பொண்ணு பண்ணியிருக்கிற வேலையைப் பாரு!"

கடுகு பிரஷ்ஷைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயில் நுரையோடு ஓடினாள்.

பின்பக்கத்தில் அவர்களுடைய மீன் தொட்டி இருந்தது. பெரிய நீலத் தொட்டி. அதன் பக்கத்தில், இரும்பு மேசை மேல், சரளைக்கல் நிரப்பிய நீளமான பெட்டி. அதில் கீரையும் தக்காளியும் வளர்ந்தன. தொட்டியில் கிடக்கும் பம்பு மீன் தண்ணீரைக் குழாய் வழியாகச் சரளைக்கு அனுப்பும். மீனின் கழிவு கீரைக்கு உரமாகும். கற்களும் வேர்களும் தண்ணீரைச் சுத்தம் செய்யும். சுத்தமான தண்ணீர் சலசலவென்று மறுபடி தொட்டியில் விழும். அப்பாதான் இதையெல்லாம் கட்டினார். இப்போது அவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார்.

கடுகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு குட்டி மீன் மட்டும் அசையவில்லை. வயிற்றை மேலே காட்டியபடி மிதந்தது.

கடுகின் வாயில் இருந்த நுரை தானாக வழிந்தது.

"நீதான் தீனிய அள்ளிக் கொட்டியிருக்க" என்றான் அண்ணன். அவன் எட்டாம் வகுப்பு. எல்லாம் தெரிந்தவன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"நான் போடல!"

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன. மீனுக்குப் பசிக்குதுன்னு அரை டப்பாவைக் கவிழ்த்தியே!"

"அது ஒரே ஒரு தடவை! அதுவும் எப்பவோ! நேத்து நான் டப்பாவைத் தொடவே இல்லை!"

"அப்புறம் மீன் சும்மாவா செத்துச்சு?"

அம்மா வந்துவிட்டாள். பேக்கரி வேலைக்குக் கிளம்பிய கோலம். தொப்பி தலையில் பாதி ஏறியிருந்தது. தொட்டியைப் பார்த்தாள், கடுகைப் பார்த்தாள்.

"ஏன்டி, உண்மையைச் சொல்லு. போட்டியா?"

கடுகின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணன் சொன்னால் அது அண்ணன் குணம். அம்மாவுமா?

"நான்... போடலன்னு... சொல்றேன்ல!"

"கத்தாத. பக்கத்து வீட்டுல எல்லாம் தூங்குறாங்க." அம்மா தொப்பியைச் சரிசெய்தாள். "எனக்கு பஸ் போயிடும். மத்தியானம் வருவேன். அதுக்குள்ள இது சரியாகலைன்னா, மீன் கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லா மீனையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன். மீன் உயிரையும் எடுக்கிறீங்க, என் உயிரையும் எடுக்கிறீங்க."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அண்ணன் நீளமான ரப்பர் குழாயை எடுத்துக் குடிநீர்க் குழாயில் மாட்டப் போனான். "தண்ணி கெட்டுப்போச்சு. பாதியை எடுத்துட்டுப் புதுசா ஊத்துவோம்."

"டேய் அண்ணா! நிறுத்து!"

கடுகு கோபம் வந்தால் இப்படித்தான் கூப்பிடுவாள். மரியாதையும் இருக்கும், அவமரியாதையும் இருக்கும்.

"அந்தத் தண்ணியில கிருமி சாகிறதுக்கு மருந்து போட்டிருப்பாங்க. நேரா ஊத்தினா மிச்ச மீனும் செத்துடும். ஒரு நாள் வாளியில புடிச்சு வெச்சுத்தான் ஊத்தணும்னு அப்பா எத்தனை தடவை சொன்னாரு!"

அண்ணன் கை நின்றது. அப்பா சொன்னது உண்மைதான். "அப்போ நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?" என்றான் எரிச்சலாக.

கடுகுக்கும் தெரியவில்லை. மீன்கள் வாயைத் திறந்து மூடின. காற்றுக்காகத்தான் மேலே வந்திருக்கின்றன. மீன் கடையில் தொட்டிக்குள் குமிழ் குமிழாகக் காற்று விடுவார்களே, அது ஞாபகம் வந்தது. அந்த மாதிரி இயந்திரம் வீட்டில் இல்லை.

குளியலறைக்கு ஓடிப் பெரிய குவளையோடு வந்தாள். முக்காலி மேல் ஏறினாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். தண்ணீர் 'சொய்ங்' என்று விழுந்து குமிழ்களைக் கிளப்பியது.

"என்ன பண்ற?"

"காத்து ஊத்துறேன்."

மொண்டாள், ஊற்றினாள். "நான்" என்றாள். மறுபடி மொண்டாள். "போடல!" என்று ஊற்றினாள். "நான்!" சொய்ங். "போடல!" சொய்ங். கோபம் கைக்கு இறங்கியிருந்ததால் கை வலிப்பதே தெரியவில்லை. சட்டை நனைந்தது. பாவாடை நனைந்தது. அண்ணனின் கால் நனைந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரிய மீன் ஒன்று வாயை மூடிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று.

"ஏய், கீழ போகுது!" என்றான் அண்ணன். அவன் குரலில் இருந்த எரிச்சல் பாதி குறைந்துவிட்டது.

கடுகு குவளையை அவன் கையில் திணித்தாள். "இப்போ நீ ஊத்து. நிறுத்தாம ஊத்து. நான் தேடணும்."

"என்னத்தத் தேடப் போற?"

"குற்றவாளிய. கண்டுபிடிச்சு, எல்லாரும் என்கிட்ட மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் விடமாட்டேன்."

அவள் டார்ச் லைட்டைக் கொண்டுவந்து தொட்டியின் அடியில் அடித்துப் பார்த்தாள்.

"நான் தீனிய அள்ளிக் கொட்டினா மிச்சம் அடியில கிடக்கணும். அன்னைக்குக் கஞ்சி மாதிரி மிதந்துச்சு, நாத்தம் அடிச்சுது. இன்னைக்கு ஏதாவது கிடக்குதா? நாத்தம் அடிக்குதா?"

அண்ணன் குனிந்து முகர்ந்தான். "இல்ல" என்றான். அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கடுகு சரளைப் பெட்டியிடம் போனாள். அப்போதுதான் கவனித்தாள். கீரை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. தக்காளி இலைகளும் துவண்டிருந்தன.

"மீனுக்கும் மூச்சு முட்டுது, கீரையும் வாடுது. ரெண்டுக்கும் ஒண்ணா என்ன வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கற்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது. இன்னும் ஆழமாக விட்டாள். அங்கேயும் காய்ந்துதான் இருந்தது.

பெட்டிக்கு வரும் குழாயின் வாயைப் பார்த்தாள். வழக்கமாகக் குபுகுபுவென்று கொட்டும் தண்ணீர், சளி பிடித்தவன் மூக்கு மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

"டேய் அண்ணா! தண்ணியே வரல! தண்ணி சுத்தி வந்து விழுந்தாத்தானே மீனுக்குக் காத்து!"

"பம்பு ஓடுதே. சத்தம் கேக்குது பாரு."

பம்பு 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ பம்புல அடைப்பு. முதல்ல பிளக்கப் புடுங்கு. கையைத் துடைச்சுட்டுப் புடுங்கு!"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினான். கடுகு பம்பைத் தூக்கினாள். அதன் வலை மூடியில் வழுவழுவென்று பாசி படிந்திருந்தது. தேய்க்க ஏதாவது வேண்டும். பார்த்தால், பல் துலக்கும் பிரஷ் இன்னும் அவள் பாவாடை இடுப்பில் செருகியிருந்தது. யோசிக்காமல் அதை எடுத்துத் தேய்த்தாள்.

"சீ! அதுலயா பல்லு தேய்ப்ப?"

"உன் பிரஷ்ஷை எடுக்கலைன்னு சந்தோஷப்படு."

சுத்தம் செய்து மறுபடி ஓட விட்டார்கள். தண்ணீர் அப்போதும் ஒழுகத்தான் செய்தது. கடுகு பல்லை நறநறவென்று கடித்தாள். மறுபடி சுவிட்சை அணைக்கச் சொன்னாள். பம்பிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் தண்ணீருக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"இப்போ போடு!"

அண்ணன் சுவிட்சைத் தட்டிவிட்டு, என்ன ஆகிறது என்று எட்டிப் பார்த்தான். தண்ணீர் பீறிட்டு எழும்பி நேராக அவன் முகத்தில் அடித்தது.

அவ்வளவு கோபத்திலும் கடுகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். கோபமாக இருக்கும்போது சிரித்தால் யார் மதிப்பார்கள்?

"பம்பு நல்லாத்தான் இருக்கு. அப்போ கோளாறு குழாயிலதான்" என்றாள்.

அண்ணன் குழாயை மறுபடி மாட்டிவிட்டுக் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டான். கடுகு குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது தொட்டியின் விளிம்பைத் தாண்டி இறங்கி, பின்னால் இருந்த சுவரோரமாகத் தரையில் ஓடி, அந்தப் பக்கம் பெட்டிக்கு ஏறியது. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே இருட்டான சந்து. கடுகு பக்கவாட்டில் நுழைந்தாள்.

பாதி தூரத்தில் கை எதிலோ இடித்தது. அண்ணனின் சைக்கிள். அதன் ஸ்டாண்டு குழாய் மேல் ஏறி நின்றது. ரப்பர் குழாய் அப்பளம் போலத் தட்டையாகியிருந்தது.

அண்ணனின் சைக்கிள்!

கடுகுக்கு உச்சி குளிர்ந்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தப் போனாள். அப்போதுதான் நேற்று மாலை நடந்தது ஞாபகம் வந்தது.

நேற்று கேரம் விளையாட்டில் அவள் தோற்றுப் போனாள். அண்ணன் நண்பர்கள் முன்னால் கைதட்டிச் சிரித்தான். அவள் ஆத்திரத்தோடு எழுந்து வந்து, அவன் சைக்கிளை இழுத்துக்கொண்டு போய் இந்தச் சந்துக்குள் தள்ளினாள். காலையில் அவன் தேடு தேடென்று தேடட்டும் என்று நினைத்தாள். இருட்டில் ஸ்டாண்டைக் காலால் ஓங்கி ஒரு உதை விட்டு நிறுத்தினாள். அத்தோடு மறந்துவிட்டாள்.

கத்துவதற்குத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

தொட்டிக்கு அந்தப் பக்கம் 'சொய்ங், சொய்ங்' என்று சத்தம் கேட்டது. அண்ணன் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

கடுகு சைக்கிளைத் தூக்கி நகர்த்தினாள். நசுங்கிய குழாயை இரண்டு விரல்களால் அழுத்தி உருட்டினாள். குழாய் ஒரு துள்ளு துள்ளியது. மறுபக்கம் குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது.

"வந்துடுச்சு! கடுகு, தண்ணி வந்துடுச்சு! என்னடி பண்ணின?" அண்ணன் குவளையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சந்துக்குள் எட்டிப் பார்த்தான். சைக்கிளையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போனது.

"ஐயோ... நானா? இங்கயா வெச்சேன்? நேத்து எங்க நிறுத்தினேன்னே ஞாபகம் இல்லையே..."

அண்ணனுக்குத் தன் தலையைக் கழற்றி வைத்தாலும் எங்கே வைத்தோம் என்று மறந்துவிடும். அவன்தான் வைத்தான் என்று சொன்னால் நம்பிவிடுவான். அவனே பாதி நம்பிவிட்டான். கடுகு ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். சும்மா நின்றாலே போதும்.

அண்ணன் மிதந்துகொண்டிருந்த குட்டி மீனைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"நீ இல்ல!" என்று கத்தினாள் கடுகு. "நான்! நேத்து உன்னை அலைய விடணும்னு நான்தான் இழுத்துட்டு வந்து வெச்சேன்! கீழ குழாய் இருக்கிறதப் பாக்கல!"

"அதுக்கு ஏன்டி இப்படிக் கத்துற?"

"கோபமா இருக்கேன்!"

"யார் மேல?"

"எல்லார் மேலயும்! உன் மேல, அம்மா மேல, அந்தச் சைக்கிள் மேல. எல்லாத்தையும் விட என் மேல!" கடுகு சந்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். அழும்போதும் கோபமாகத்தான் அழுதாள்.

அண்ணனும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ஆனா தீனி நான் போடல" என்றாள் கடுகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சரி, போடல."

"சரின்னா பத்தாது. முழுசாச் சொல்லு."

"நீ தீனி போடல. பாக்காமலே உன் மேல பழி போட்டது என் தப்பு. மன்னிச்சுக்கோ. போதுமா?"

"ம். சைக்கிள இழுத்து வெச்சது என் தப்பு. மன்னிச்சுக்கோ. ஆனா நீ அப்படிச் சிரிச்சதாலதான்..."

"ஏய், மன்னிப்புல 'ஆனா' வரக்கூடாது!"

கடுகு யோசித்தாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. "சரி, 'ஆனா' இல்ல."

இருவரும் குட்டி மீனை எடுத்து, வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மத்தியானம் அம்மா வந்தபோது, மீன்கள் தொட்டியின் அடியில் அமைதியாக நீந்திக்கொண்டிருந்தன. இருவரும் மாறி மாறி நடந்ததைச் சொன்னார்கள். சைக்கிள் கதையைக் கடுகு தன் வாயாலேயே சொன்னாள். சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"என்ன?" என்றாள் அம்மா.

"அண்ணன் கேட்டுட்டான். நீ இன்னும் கேட்கல."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றினாள். "நீ போடலன்னு சொன்னப்ப நான் நம்பியிருக்கணும். தப்புதான்டி" என்றாள். கடுகு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். மீன் கடைக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சாயங்காலம் அண்ணன் சந்துச் சுவரில் உயரமாக வரிசையாக ஆணி அடித்தான். இனி குழாய் தரையில் கிடக்காது. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கயிற்று வளையம், வளையத்துக்குள் குழாய் என்று ஏற்பாடு.

"இன்னும் கோபமா இருக்கியா?" என்று கேட்டான்.

கடுகு உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். "கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"நல்லதாப் போச்சு. இந்தா, இந்த முடிச்சை நீ போடு. குழாய்ல இல்ல, ஆணியில. கோபம் தீர்ற வரைக்கும் இறுக்கு."

கடுகு கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள். காலைச் சுவரில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தாள்.

அந்த முடிச்சை இன்றுவரை யாராலும் அவிழ்க்க முடியவில்லை.